தேங்காய் காட்டிய ஜீப்

தப்பாக நினைக்காதீர்கள் தம்பி. நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. இந்த பஸ் சீட்டில் உங்கள் முழங்கை என் விலாவில் இருக்கிறது, நீங்கள் பேசினால் எனக்கும் சேர்த்துத்தான் பேசுகிறீர்கள். பழைய ஜீப் ஒன்று வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், விலை கைக்கு அடங்க வேண்டும், வேலைக்கும் ஆக வேண்டும், லீவு நாளில் மலைக்கும் போக வேண்டும் என்றீர்கள். அதைத்தானே சொன்னீர்கள்? இதே வார்த்தைகளை இதே வரிசையில் நானும் ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் பேச வேண்டும் போலத் தோன்றியது. வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குங்கள். எப்படி வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். நான் இறங்குவது செம்மண்கரடு விலக்கில். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.

என் பெயர் பொன்னுரங்கம். வடமதுரைப் பக்கம். நீரோட்டம் பார்ப்பவன். ஆமாம், தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு புஞ்சைக் காட்டுக்குள் நடப்பார்களே, அதுதான். அடியில் எங்கே ஓட்டம் இருக்கிறதோ அங்கே தேங்காய் தானாக எழுந்து நிற்கும். நின்ற இடத்தில் குதிகாலால் ஒரு குழி போட்டு, கல்லை நட்டு, மஞ்சள் தடவிவிட்டால் அதுதான் பாயிண்ட். அப்புறம் போர் வண்டி வந்து துளை போடும். நீங்கள் சிரிக்கவில்லை. நல்லது. சிரித்தாலும் பரவாயில்லை. நானே சில சமயம் குளிக்கும்போது யோசிப்பேன். தேங்காய் எழுகிறதா, நான் எழுப்புகிறேனா? இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தண்ணீர் வந்திருக்கிறது தம்பி. எரியோட்டில் வந்திருக்கிறது, அய்யலூரில் வந்திருக்கிறது, எத்தனையோ தோட்டத்தில் வந்திருக்கிறது. வராத இடங்களும் உண்டு. அவற்றின் பெயர் இப்போது ஞாபகம் வரவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஜீப் எதற்கு? சொல்கிறேன்.

என் ஒரே மகள் சுகந்தியைச் செம்மண்கரட்டில் கொடுத்திருக்கிறேன். கடவூர் மலைக்குப் பின்பக்கம். விலக்கிலிருந்து ஊருக்குப் பாதை ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். பாறை, பள்ளம், மறுபடி பாறை. சம்பந்தி வீரப்பெருமாளுக்கு நிலம் நிறைய இருக்கிறது, தண்ணீர்தான் கிடையாது. கிணறு வற்றிப் போய்விட்டது. சுகந்தி குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு காடு தாண்டி அடுத்தவர் தொட்டிக்குப் போவாள். அந்தத் தொட்டிக்கார அம்மாள் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, உங்கப்பா ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுறாராமே. உனக்கு மட்டும் கொடத்தக் குடுத்து அனுப்பிட்டாரா?"

சுகந்தி இதை என்னிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மரகதம், என் வீட்டுக்காரி, அவள் சாப்பிட்டாள். "ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா அங்க தண்ணி வந்துருமா?" என்றாள்.

உடனே போய்ப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். என் மொபெட் அந்தப் பாதையில் ஏறாது. கல்யாணப் பேச்சுக்கும் மறுவீட்டுக்கும் அவர்கள் விலக்குக்கே டிராக்டர் அனுப்பினார்கள், நானும் மரகதமும் பட்டுத் துணியோடு டிரைலரில் நின்றுகொண்டே போனோம். ஒவ்வொரு தடவையும் டிராக்டர் அனுப்புங்கள் என்று கேட்க முடியுமா? நடந்து போகலாம்தான். சம்பந்தி வீட்டு வாசலில் வியர்த்து வழிந்துகொண்டு போய் நிற்க முடியுமா? முழங்கால் வேறு. முழங்காலுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

அதனால் ஜீப். வேலைக்கு ஆகும், மகள் வீட்டுக்கும் கௌரவமாகப் போய் இறங்கலாம். மலைக்குப் போவது மரகதம் சேர்த்தது.

"வாங்குறதுன்னா என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போகணும். கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க என்னைக் கூட்டிட்டுப் போன எடமெல்லாம் வறண்ட காடு. அங்கயும் என்னைய வரப்புல உக்கார வெச்சுட்டு நீங்க தேங்காயோட போயிருவீங்க."

திண்டுக்கல் பைபாஸில் சகாயம் என்று ஒரு புரோக்கர். பழைய வண்டிகளை முள்வேலிக்குள் நிறுத்தி வைத்திருப்பான். அவனிடம்தான் நீங்கள் சொன்ன அதே வாசகத்தைச் சொன்னேன். "அண்ணே, நீங்க கேக்குற வண்டி உங்களுக்காகவே நிக்குது" என்றான். அப்படி அங்கே நிறைய வண்டிகள் எனக்காகவே நின்றன.

முதலாவது எஸ்டேட் ஜீப். எஞ்சின் பாட்டு மாதிரி ஓடியது. கீழே தரை இல்லை. உட்கார்ந்தால் ரோடு தெரிந்தது. "காத்தோட்டமா இருக்கும்ணே" என்றான் சகாயம். மரகதத்துக்கு ஒரு வழக்கம். எந்த வண்டியைக் காட்டினாலும் பின் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். சகாயம் பயந்துபோய், "என்னாச்சுக்கா, மயக்கமா?" என்று கேட்டான்.

"மலைக்குப் போயிட்டிருக்கேன். பேசாத."

எஸ்டேட் ஜீப்பில் உடனே கண்ணைத் திறந்துவிட்டாள். "வத்தலக்குண்டு தாண்டல, செருப்பு ரெண்டும் கீழ விழுந்துருச்சு" என்று இறங்கிவிட்டாள்.

இரண்டாவது, தேர்தலுக்கு ஓடிய வண்டி. மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. யாரோ எந்த வயரையோ எதனோடோ முடிந்துவிட்டிருக்கிறார்கள். ஹாரனை அழுத்தினால், "பெரியோர்களே, தாய்மார்களே" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அழுத்தினால் மறுபடி பெரியோர்களே, தாய்மார்களே. மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிக்க வேண்டுமே தம்பி. எதிரே வருகிறவன் என்ன நினைப்பான்?

மூன்றாவதில் எல்லாமே நன்றாக இருந்தது. நாலு சக்கரமும் இழுத்தது. ஆனால் நாலு சக்கரத்துக்கான கம்பியைப் போட்டால் வண்டி பின்னால் மட்டும்தான் போகும். அது ஏன் என்று கேட்டேன். "ஏன்னு கேட்டா எப்படிண்ணே? ரிவர்ஸ்ல எவ்வளவு பெரிய மேட்டையும் ஏறும். நீங்க திரும்பி நின்னுக்கிட்டா போதும்" என்றான்.

இப்படியே வாரக்கணக்கில் போனோம், வந்தோம். என்னால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. எனக்கு அப்படித்தான். சட்டைத் துணி எடுக்கப் போனாலும் கடைக்காரனே அலுத்துப்போய் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுவான். ஒருநாள் சகாயமும் அலுத்துவிட்டான்.

"பூமிக்கு அடியில பாறைக்குக் கீழ என்ன ஓடுதுன்னு சொல்றீங்க. கண்ணு முன்னாடி நிக்கிற வண்டியில ஒண்ணைச் சொல்லத் தெரியலையேண்ணே."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சில் தைத்தது. அட, ஆமாம். நாம் ஏன் இத்தனை நாள் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு அலைகிறோம்? பையில் தேங்காய் இருந்தது. அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. எடுத்தேன். உள்ளங்கையில் வைத்தேன். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு பின்னால் வந்தார்கள். எஸ்டேட் ஜீப்பிடம் தேங்காய் அசையவில்லை. தேர்தல் வண்டியிடம் அசையவில்லை. ரிவர்ஸ் வண்டியிடம் லேசாக ஆடியது, அவ்வளவுதான். கடைசி வரிசையில், நான் இதுவரை சரியாகப் பார்த்தே இராத ஒரு பச்சை ஜீப். புதுப் பெயிண்ட். பக்கத்தில் போனதும் தேங்காய் எழுந்தது பாருங்கள்! எழுந்து நெட்டுக்குத்தாக நின்றது. என் மணிக்கட்டு வலித்தது. கூட்டத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

சகாயத்தின் முகம் வெளுத்துவிட்டது. அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "இதுக்கு மேல உங்ககிட்ட என்னத்தண்ணே மறைக்கிறது. ஆள் பெரிய ஆளுதான் நீங்க. வெளிய சொல்லிறாதீங்க. நான் பாத்துக் கொறைச்சுக்கறேன்" என்றான். நான் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை தம்பி. அவனாகவே குறைத்தான். தெய்வ காரியம் என்றால் மனசு எப்படி இளகிவிடுகிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. இதற்குள் மரகதம் பின் சீட்டில் ஏறிக் கண்ணை மூடியிருந்தாள். ரொம்ப நேரம் திறக்கவே இல்லை. பார்த்தால் தூங்கிவிட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டு சகுனத்துக்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

சொன்னபடி முதலில் அவளைச் சிறுமலைக்குக் கூட்டிப் போனேன். வண்டி பிரமாதமாக ஏறியது. மூன்றாவது வளைவா நாலாவதா தெரியவில்லை, இடது பக்கம் திரும்பினேன், மரகதம் "ஐயோ" என்றாள். கதவுக்குள்ளிருந்து தண்ணீர். குடத்தைச் சாய்த்த மாதிரி அவள் காலில் கொட்டியது. வலது பக்கம் திரும்பினால் என் காலில். மலை முழுக்க ஒரு வளைவுக்கு அவள், ஒரு வளைவுக்கு நான். வேர்க்கிறது என்று ஏசியைப் போட்டேன். காற்றோடு ஒரு சின்ன மீன் வந்து அவள் மடியில் விழுந்தது. காய்ந்த மீன். பயப்படாதீர்கள், ரொம்பச் சின்னது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன், கடலையும் சேத்துக் காட்டிட்டீங்க" என்றாள். அன்று முழுவதும் அவள் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் நூர்தீனிடம் விட்டேன். அவன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான், கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்த்தான், ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்தான். உள்ளே வரி வரியாகச் சேறு.

"அண்ணே, இது முங்குன வண்டி. எங்கயோ வெள்ளத்துல கூரை வரைக்கும் தண்ணியில நின்னுருக்கு. மேல பெயிண்ட் அடிச்சு வித்துருக்காங்க. தண்ணி போற ஓட்டையெல்லாம் சேறு அடைச்சிருக்கு. நீங்க கழுவக் கழுவ உள்ள ரொம்பிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு எப்படிண்ணே இது தெரியாமப் போச்சு?"

எனக்குத் தெரியாமல் போனது. தேங்காய்க்குத் தெரிந்திருக்கிறது! அங்கேதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கியது. கடைத்தெருவே சிரித்தது, ஆனால் யோசித்துப் பாருங்கள் தம்பி. தேங்காய் பொய் சொல்லவில்லை. நல்ல வண்டி எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். எங்கே தண்ணீர் இருக்கிறது? அத்தனை வண்டிக்கு நடுவில் தண்ணீர் இருந்த வண்டியைச் சரியாகக் காட்டியிருக்கிறது. இதைவிட என் தொழிலுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே முதல் விஷயம். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஹெட்லைட்டுக்குள் பாருங்கள். தேங்காய் வேண்டாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். சகாயம் போனை எடுக்கவில்லை. அதுவும் போக, அது ஏறுகிற ஏற்றம் இருக்கிறதே! எந்தக் காட்டுக்குள்ளும் நேரே போய்விடும். முன்பெல்லாம் மொபெட்டை ரோட்டோரம் விட்டுவிட்டு வேலி தாண்டி, முள் தாண்டிப் போக வேண்டும். இப்போது காட்டின் நடு மத்தியில் போய் இறங்குவேன். இறங்கித் தேங்காயை எடுப்பேன். கொஞ்ச தூரம்தான், எழுந்துவிடும். வண்டியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இருக்காது. ஒரு காட்டில் அப்படி, அடுத்த காட்டில் அப்படி. ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, கை இவ்வளவு சுத்தமாகிவிட்டதே என்று. போர் போட்ட பிறகுதான் தகவல் வரும். மண் பறந்ததாம். புகை வந்ததாம். ஈரம் மட்டும் வந்ததாம். ஒருவர் போன் செய்து தகவலே சொல்லவில்லை, நேராகத் திட்டினார்.

மரகதம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"முன்னெல்லாம் காடு பூரா நடப்பீங்க. இப்ப எறங்குன எடத்துலயே தேங்கா எந்திரிச்சுருது."

"அதைத்தான நானும் சொல்றேன்! வண்டிக்குள்ள இருக்கிற தண்ணி இழுக்குது. தேங்காய்க்குக் குழப்பம்."

அவள் ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "தேங்காய்க்குத்தான்" என்றாள். பாருங்கள், அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஆனால் வாயால் சொன்னேனே தவிர, இது மனசில் முழுசாக ஏறுவதற்குள் செம்மண்கரட்டு வேலை வந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு மீதி புரியும்.

சம்பந்தி ஆள் அனுப்பினார். சித்திரை வெயில். விலக்கில் திரும்பி, நாலு சக்கரத்தையும் போட்டு, அந்தப் பாறை மேல் ஏறினேன். ஊரே வெளியே வந்து பார்த்தது. அந்தத் தொட்டிக்கார அம்மாளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். வீட்டு வாசலில் நிறுத்தவில்லை நான். நேரே காட்டுக்குள் விட்டு, சுற்றி ஒரு வட்டம் அடித்து, நடுவில் போய் நிறுத்தினேன். சுகந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"சம்பந்தி, மொதல்ல மோர் குடிச்சுட்டு..."

"மொதல்ல தண்ணி, அப்புறம் மோர்" என்றேன். அப்படிச் சொன்னது இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

தேங்காயை வைத்தேன். நாலு எட்டு இருக்கும். எழுந்தது. சும்மா எழவில்லை, கையை விட்டுக் குதித்து விழப் பார்த்தது. குழி போட்டேன், கல் நட்டேன், மஞ்சள் தடவினேன். சுகந்தி மட்டும், "அப்பா, ஓடைப் பக்கம் ஒருக்கா பாத்துட்டு வரலாமாப்பா?" என்று கேட்டாள். "தேவையில்லம்மா" என்றேன். அவளுடைய மாமனார் முன்னால் இதை இரண்டாவது தடவை சோதித்துப் பார்த்தால் என் கைக்கு என்ன மரியாதை?

போர் வண்டி வந்தது. பாயிண்டுக்குப் பக்கத்திலேயே ஜீப் நின்றதால் அதை நகர்த்தச் சொன்னார்கள். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளே எங்கேயோ தண்ணீர் இறங்கிவிட்டது. ஆள் சேர்ந்து தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பிறகு துளை போட ஆரம்பித்தார்கள். வெள்ளைப் புழுதி. ராடு மேல் ராடு இறக்கினார்கள். புழுதி. இருட்டுகிற நேரம் வரைக்கும் புழுதி. சம்பந்தி முதலில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தலை, மீசை, தோள்துண்டு எல்லாம் வெள்ளை. கண் மட்டும் கறுப்பாக இருந்தது. கடைசியில் "மூடுங்க" என்றார். அதை போர்க்காரர்களிடம் சொன்னார். மோரும் வரவில்லை.

ஜீப் நின்றது நின்றதுதான். நான் அந்தப் போர் வண்டியிலேயே ஏறி விலக்குக்கு வந்து சேர்ந்தேன். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தேன். அந்த டிரைவர் நல்ல மனுஷன், "சகஜம்தான் பெரியவரே" என்றான். அவன் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு சம்பந்தி என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, போன் செய்தால் சுகந்தியிடம் கொடுத்துவிடுவார். நான் ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பேன். அவர் கோபம் தண்ணீர் வராததற்கா, நான் மோரை மறுத்ததற்கா? இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வரும். சுகந்தியை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குடத்தோடு அவள் அந்தத் தொட்டிக்குத்தானே மறுபடி போக வேண்டும்?

இதற்கு நடுவில் நடந்ததைக் கேளுங்கள். ஜீப் அங்கேயே காட்டோரம் கிடந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டது. அந்த வெயிலில் நாள் முழுக்க நின்று நின்று, கருவாடு காய்கிற மாதிரி, உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்துவிட்டது. ஒருநாள் மருமகன் மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்து சும்மா சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. சுகந்தி எனக்குப் போன் செய்து, "அப்பா, நாலு சக்கரத்துக்கான கம்பி எதுப்பா, மேல இருக்கிறதா கீழ இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். பின்னால் டிரம்களை அடுக்கிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருகிறாள். வீட்டுக்கு, மாட்டுக்கு, முருங்கைக்கு. அந்தத் தொட்டிக்கார அம்மாளின் தொட்டியும் வற்றிப்போய், அவளும் ஒரு டிரம்மோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்கிறாளாம்.

நான் மறுபடி மொபெட்டுக்கு வந்துவிட்டேன். வேலி தாண்டி, முள் தாண்டி, பழைய மாதிரி. முழங்காலுக்கு ஒரு எண்ணெய் போட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று இடத்தில் நல்ல தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? வண்டி இருந்தபோது வரவில்லை, வண்டி போனதும் வருகிறது. சுகந்தியிடம் போனில் இதை முழுக்க விளக்கினேன்.

"வண்டியில இருந்த தண்ணிதாம்மா தேங்காயை இழுத்துருச்சு. அன்னிக்கு உங்க காட்டுல நடந்ததும் அதான்."

அந்தப் பக்கம் அவள் இருமுகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. அப்படித்தான் இருக்கும். நான் மாமாகிட்டச் சொல்றேன்."

அடுத்த வாரம் சம்பந்தியே பேசினார் தம்பி. அவர் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

"சம்பந்தி, மருமக எல்லாம் சொல்லுச்சு. தப்பு உங்க மேல இல்லையாம்ல. வண்டி மேலதானாம்ல."

"ஆமாங்க சம்பந்தி."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்தப் புள்ள ஒத்தக் கால்ல நிக்குது, எங்கப்பா இன்னொருக்கா பாக்கணும்னு. இதுக்கு மேல ஒரு போர் போட எனக்குத் தெம்பு கெடையாது. இதான் கடைசி. வந்து பாருங்க."

பிறகு சுகந்தி போனை வாங்கினாள். வாங்கி, எனக்கே கட்டளை போட ஆரம்பித்தாள்.

"அப்பா, ஜீப்பப் பக்கத்து ஊர்ல கொண்டுபோய் நிறுத்திர்றேன். டிராக்டரும் அனுப்ப மாட்டேன், அதுலயும் ரேடியேட்டர்ல தண்ணி இருக்குல்ல. நீங்க விலக்குலருந்து நடந்துதான் வரணும். வந்து காட்ட நாலு மூலையும் நடக்கணும். வேலியோரம், ஓடைப் பக்கம், கரட்டுக்கு மேல, ஒரு எடம் விடக் கூடாது. எங்க தேங்கா எந்திரிச்சாலும் உடனே குழி போட்டுறாதீங்க. பூரா நடந்து முடிச்சுட்டு அப்புறமா சொல்லுங்க. சரியா?"

என்ன அறிவு பாருங்கள்! நான் கண்டுபிடித்ததை என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ரேடியேட்டரை நான்கூட யோசிக்கவில்லை. இதை மரகதத்திடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கியது. மகளை நினைத்து அழுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உங்களிடம் சொல்வதற்கு என்ன, காலையிலிருந்து எனக்குப் பயம்தான். இத்தனை நாள் ஜீப் இருந்தது. எது போனாலும் அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தக் காட்டில் ஜீப் இல்லை, டிராக்டர் இல்லை, ஒன்றும் இல்லை. நானும் தேங்காயும்தான். நாலு மூலையும் நடந்து தேங்காய் எழவே இல்லை என்றால்? எழுந்து, அந்தக் கடைசி போரிலும் புழுதி பறந்தால்? என் மகள் அந்த மாமனார் முன்னால் ஒத்தக் காலில் நின்றிருக்கிறாள். தொழில் போனால் போகட்டும் தம்பி, எனக்கு வயதாகிவிட்டது. அவள் காலைக் கீழே வைக்க ஒரு இடம் வேண்டுமில்லையா?

சரி, கரடு தெரிகிறது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், பையை எடுக்க வேண்டும். கண்டக்டர், விலக்கு ஒண்ணு! நீங்கள் நல்ல வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். அவசரப்படாதீர்கள், ரொம்ப யோசிக்கவும் யோசிக்காதீர்கள். கூட யாராவது வந்தால் பின் சீட்டில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அது மட்டும் தப்பாகவில்லை.

அதோ, புளிய மரத்தடியில் நிற்கிறாளே, அவள்தான் சுகந்தி. என்னைக் கூட்டிப் போக நடந்தே வந்திருக்கிறாள். கையில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுத்து வரவில்லை, பாருங்கள் எவ்வளவு கவனம்!

காட்டுக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்றா கேட்கிறீர்கள்? எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நான் அங்கே நடந்ததே இல்லையே.